புதுப்பிப்பு: நன்கொடைக் கணக்கு மென்பொருள், எதைத் தேர்ந்தெடுத்தோம்

எங்கள் அறக்கட்டளைக்கு மூன்று நிறுவனங்களின் மென்பொருளை எப்படி ஒப்பிடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது "டெமோவை நம்பாதீங்க, உங்க டேட்டாவையே கொடுத்துப் பாருங்க" என்ற யோசனைதான். பெயர், எண்களை மாற்றி, எங்கள் நன்கொடைப் பட்டியலின் ஒரே 50 வரிகளை மூவருக்கும் அனுப்பினோம். டெமோவில் அசத்தியவர்களின் ரசீதில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்தன. இன்னொருவர், விலகும்போது தரவைத் திருப்பித் தரத் தனிக் கட்டணம் என்றார். மூன்றாவதை எடுத்தோம், படிவம் 10பிடி-க்கான (நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறைக்குத் தரும் படிவம்) சிஎஸ்வி கோப்பும் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) அதிலேயே வருகிறது.

எதிர்பாராத சிக்கல் எங்கள் பக்கம் இருந்தது. எக்செலில் 12 இலக்க ஆதார் எண்கள் அடுக்கு வடிவில் (1.23E+11 போல) சுருங்கி, சிஎஸ்வி-யாகச் சேமித்ததும் கடைசி இலக்கங்கள் போயேவிட்டன. எண்களை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 14 வரிகளில் பான் எண்ணே இல்லை. ஒவ்வொருவரையும் போனில் கேட்டு வாங்கினோம். 2024-25 நிதியாண்டுக்கான 10பிடி-யைத் தாக்கல் செய்யக் கெடு 2025 மே 31. தாமதமாகியிருந்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். மே 27 அன்றே தாக்கல் செய்துவிட்டோம்.