தங்கையின் படம் சித்தியின் வாட்ஸ்ஆப்புக்கு வந்துவிட்டது. இன்று இரவு நான் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர்: பெரியவள், திண்டுக்கல் மாவட்டம்

என் தங்கைக்கு வயது 21. செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. ஒருவனோடு இரண்டு ஆண்டு பழகினாள், சித்திரையில் விலகிவிட்டாள். பழகிய நாளில் அவன் நச்சரித்துக் கேட்டதற்காகத் தானே எடுத்து அனுப்பிய மூன்று படங்கள் அவனிடம் இருந்திருக்கின்றன. இன்று மாலை ஆறரை மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து அதில் ஒன்று எங்கள் சித்திக்கு வந்தது. இன்ஸ்டாகிராமில் தங்கையின் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு. முகப்பில் அவளுடைய சீருடைப் படம், உள்ளே அந்த மூன்றில் இன்னொன்று. நாளைக்குள் தன்னோடு பேசாவிட்டால் வகுப்புக் குழுவில் போட்டுவிடுவதாக அவளுக்கு எழுதியிருக்கிறான்.

அப்பா காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று அழுகிறாள். சித்தி அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், சொன்னது சரியா என்று தெரியவில்லை. அவனோடு ஒருமுறை பேசிவிட்டால் விட்டுவிடுவான் என்கிறாள் இவள். அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: மலைச்சாரல்

பெரியவளே, சித்தியை அழிக்க வேண்டாம் என்றீர்களே, அது மிகச் சரி. அந்த ஒரு செய்தி உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி.

நான் பள்ளி ஆசிரியை. 2018-இல் இதே நிலையில் நான் இருந்தேன். பயத்தில் எல்லா உரையாடலையும் அழித்தேன், என் கணக்கையே மூடினேன், சிம் கார்டை உடைத்துச் சாக்கடையில் போட்டேன். நான்கு நாள் கழித்துத் துணிவு வந்து புகார் கொடுக்கப் போனபோது, "எங்கே அம்மா, காட்டுங்கள்" என்றார்கள். காட்ட ஒன்றுமில்லை. அதற்குள் அவன் போலிக் கணக்கையும் எடுத்துவிட்டான். அந்த மேசைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் சேமியுங்கள், பிறகு நீக்கச் சொல்லுங்கள். வரிசை மாறக் கூடாது.

திரைப்பிடிப்பு மட்டும் போதாது. போலிக் கணக்கின் இணைப்பு முகவரியை நகல் எடுத்துத் தனியே வையுங்கள். அவன் பெயரை மாற்றிவிட்டால் வெறும் பெயரை வைத்துத் தேட முடியாது. இன்னொரு கைபேசியால், கணக்கைத் திறப்பது முதல் படம் தெரிவது வரை காணொளியாக எடுங்கள். தேதியும் நேரமும் தெரியட்டும். சித்தியின் கைபேசியில் அந்த எண் முழுதாகத் தெரிய வேண்டும், தானாக மறையும் செய்தி வசதி அங்கே இயங்குகிறதா என்றும் பாருங்கள். ஒரு தாளில் எத்தனை மணிக்கு யாருக்கு என்ன வந்தது என்று எழுதுங்கள். நாளை கேட்கும்போது நாக்கு குழறும், தாள் குழறாது. படத்தைச் சித்தி உங்களுக்கு அனுப்ப வேண்டாம், நீங்களும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவர் கைபேசியிலேயே இருக்கட்டும்.

இதை முடித்துவிட்டு இன்ஸ்டாகிராமில் இரண்டு புகார்: ஒன்று போலிக் கணக்கு என்று, இன்னொன்று அனுமதியில்லாத அந்தரங்கப் படம் என்று. பிறகு ஸ்டாப் என்சிஐஐ என்ற தளத்துக்குப் போங்கள். 2021 டிசம்பரில் தொடங்கியது, பிரிட்டனைச் சேர்ந்த ஒரு அறக்கட்டளை நடத்துகிறது, பணம் இல்லை. தங்கையின் கைபேசியில் மூலப்படம் இருந்தால் அதை அங்கே காட்ட வேண்டும். படம் கைபேசியை விட்டு வெளியே போவதில்லை. கைரேகை மாதிரி அதற்கென்று ஒரு குறியீட்டை மட்டும் உருவாக்கி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ரெடிட் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். அதே படம் அங்கே ஏறினால் பிடிபடும். மூன்று படங்களுக்கும் செய்யுங்கள், இன்னும் வெளியே வராததற்கும்தான். வாட்ஸ்ஆப்பில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதை இது தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தத் தளம் இல்லை. அவர்களுக்கு அமெரிக்காவின் டேக் இட் டவுன் என்ற இதுபோன்ற தளம் இருக்கிறது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

அவனோடு பேச வேண்டாம். பேசினால் அடுத்ததாக நேரில் வா என்பான். பதில் ஏதும் சொல்லாமல், தடையும் செய்யாமல் விடுங்கள். அவன் எழுதும் ஒவ்வொரு மிரட்டலும் வழக்கில் சேரும்.

இன்று இரவு அவளோடு ஒரே பாயில் படுங்கள். "ஏன் அனுப்பினாய்" என்று மட்டும் கேட்காதீர்கள், நாளைக்கும் கேட்காதீர்கள். உயிரை விடுவதுபோல் ஏதாவது பேசினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பதில்: வழக்கறிஞர், மதுரை

ஆசிரியை சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். சட்டப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

தானே அனுப்பிய படம்தானே, வழக்கு நிற்குமா என்ற சந்தேகம் உங்கள் தங்கைக்கு இருக்கும், காவல் நிலையத்தில் சிலருக்கும் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவைப் பாருங்கள். படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறரிடம் பரப்ப அவள் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம் என்று அதன் விளக்கமே சொல்கிறது. முதல் முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ ஆகிய பிரிவுகளையும், மிரட்டலுக்கு நியாய சன்ஹிதாவின் 351-ஐயும் புகாரில் குறிப்பிடுங்கள். அவள் அனுப்பியது ஒருவனுக்கு. அவன் அனுப்பியது அவள் சித்திக்கு. இந்த வேறுபாட்டை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

தேசிய சைபர் குற்றத் தளத்தில் இன்று இரவே பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உதவி எண் 1930. நாளை மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு எழுத்து மனுவோடு போங்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதற்குத்தான். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால், மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100.

நிறுவனம் படத்தை நீக்காவிட்டால், அதன் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-இல் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே இப்படிப்பட்ட படங்களை நீக்கக் கெடு 24 மணி நேரம்தான்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் அதிகாரியே வெளியிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கும்படி மத்திய மின்னணு அமைச்சகத்துக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். பெயரை மறைத்துக் கையாள வேண்டும் என்று உங்கள் மனுவிலேயே கேளுங்கள், பெண் அதிகாரி விசாரிக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

பதில்: ஒரு தகப்பன்

அப்பாவுக்குச் சொல்லுங்கள், அம்மா. என் மகளுக்கு இப்படி நடந்தது எனக்கு ஐந்து மாதம் கழித்து, டீக்கடையில் ஒருவன் சொல்லித் தெரிந்தது. அந்த ஐந்து மாதமும் அவள் சரியாகச் சாப்பிடாததைத் தேர்வுக் கவலை என்று நினைத்திருந்தேன். முதலில் உங்கள் சித்தி மூலம் சொல்லுங்கள், தங்கை பக்கத்தில் இல்லாதபோது சொல்லுங்கள். அவர் கத்தி முடிக்கட்டும். பிறகு புகார் மனுவை அவர் கையில் கொடுங்கள். மண்டியில் கணக்கு எழுதுகிறவர், காகிதத்தில் பார்த்தால் அவருக்கு விளங்கும்.

பெரியவள் மீண்டும்

மூன்று நாள் ஆகிவிட்டது. அன்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் சேமித்தோம். போலிக் கணக்கு மறுநாள் மதியம் நீங்கிவிட்டது. நிலையத்தில் முதலில் பேசியவர், "சமாதானமாகப் போய்விடுங்களேன்" என்றார். தாளைப் பார்த்துப் பார்த்துத் தங்கையே 77-ஆம் பிரிவைச் சொன்னாள், குரல் நடுங்கியது, ஆனால் சொன்னாள். முதல் தகவல் அறிக்கை பதிந்துவிட்டார்கள்.

சித்திதான் அப்பாவிடம் சொன்னார். அவர் கத்தவில்லை. வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மண்டிக்கு விடுப்பு சொல்லிவிட்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார்.

வழக்கறிஞர் அம்மாவிடம் ஒரு கேள்வி. சித்தியின் கைபேசியைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? அதில்தான் அவருடைய மகளிர் குழுக் கணக்கெல்லாம் இருக்கிறது.

பதில்: வழக்கறிஞர், மதுரை

கொடுங்கள். கொடுக்கும் முன் குழுக் கணக்கையும் எண்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த உரையாடலை மட்டும் தொடவே வேண்டாம். கைபேசியின் மாடல், ஐஎம்இஐ எனும் அதன் அடையாள எண் இரண்டும் எழுதிய கைப்பற்றுதல் மகஜரின் (போலீசார் பொருளை வாங்கியதற்கு எழுதும் பதிவின்) நகல் இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். பிறகு இடைக்காலப் பொறுப்பில் திரும்பக் கேட்டு நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். மின்னணுச் சான்றுக்கு, சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவில் சொல்லும் சான்றிதழ் தேவைப்படும், அதில் சித்தி கையெழுத்திட வேண்டியிருக்கும். எழுதும்போது சொல்லுங்கள், நான் சரிபார்த்துத் தருகிறேன். தங்கையிடம் சொல்லுங்கள், அந்தப் பிரிவை அவள் சொன்னதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.