புதுப்பிப்பு: யாங்கீஸ் வானொலி வர்ணனையாளர் யார்?

2024 ஏப்ரலில் ஜான் ஸ்டெர்லிங் ஓய்வு பெற்றபோது, நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் வானொலி வர்ணனைக்கு அடுத்து யார் வருவார் என்று இங்கே ஓர் இழை தொடங்கியிருந்தேன். 1989-லிருந்து ஒரே குரலைக் கேட்டுப் பழகிய ரசிகர்கள். நடுவில் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும்) ஆட்டங்களுக்காக ஸ்டெர்லிங் திரும்பி வந்து போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டேவ் சிம்ஸ்தான். 2025 சீசனிலிருந்து சக வர்ணனையாளர் சூசன் வால்ட்மனுடன் அமர்கிறார். 2007 முதல் சியாட்டில் மரினர்ஸ் என்ற இன்னொரு பேஸ்பால் அணிக்குத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்தவர்.

தொலைக்காட்சியில் படம் பாதி வேலையைப் பார்த்துவிடும்; வானொலியில் அந்த வசதி இல்லை. இரண்டு பால் (சரியான எல்லைக்கு வெளியே போன வீச்சு), ஒரு ஸ்ட்ரைக் (அடிப்பவர் தவறவிட்ட வீச்சு போன்றது), ஓட்டக்காரர் தொட்டு ஓடும் இடங்களில் இரண்டாவதான இரண்டாம் பேஸில் ஆள், பந்து இடது பக்கம் பறக்கிறது, ஃபீல்டர் சுவரை ஒட்டிப் போகிறார்... எல்லாவற்றையும் வாயால்தான் காட்ட வேண்டும். காரில் போகிறவருக்கு ஸ்கோர் எவ்வளவு என்று அடிக்கடி சொல்லவும் வேண்டும். சிம்ஸ் வானொலியிலும் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை செய்தவர் என்பதால் எனக்குப் பெரிய கவலை இல்லை.

ஸ்டெர்லிங்கோ ஹோம் ரன் (பெரும்பாலும் பந்து மைதானச் சுவரைத் தாண்டும் அடி) அடித்த யாங்கீஸ் வீரர்களுக்குப் பெயரை வைத்தே ஒரு வரி கட்டிவிடுவார். சிலருக்குக் காதில் தேன், சிலருக்கு எரிச்சல். (நான் முதல் கட்சி.) சிம்ஸ் அந்தப் பாணியைத் தொடாமல் இருப்பதே நல்லது.