டெபியன் 11இல் சத்தமே வரவில்லை, டம்மி அவுட்புட் மட்டும் காட்டுது

கொழிஞ்சாம்பாறைப் பையன்:
இன்டெல் 10ஆம் தலைமுறை லேப்டாப், விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் 11 லினக்ஸ் போட்டேன். வைஃபைக்கே தனியாக ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) போட்டுத்தான் ஓடுது. ஸ்பீக்கர், மைக் இரண்டும் இல்லை, செட்டிங்ஸில் டம்மி அவுட்புட் என்று மட்டும் நிற்கிறது. பாலக்காட்டில் ஒரு கடையில் காட்டினால் போர்டு போயிடுச்சு, மாற்றணும் என்கிறார்கள். விண்டோஸில் நன்றாகப் பாடிய லேப்டாப்புங்க!

வாளையார் அண்ணன்:
தம்பி, போர்டில் கை வைக்க விடாதீங்க. டம்மி அவுட்புட் என்றால் பெரும்பாலும் கர்னலுக்கு, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு, சவுண்ட் கார்டே கிடைக்கவில்லை என்று அர்த்தம். இந்தக் காலத்து இன்டெல் லேப்டாப் பலவற்றில் உள் மைக் டிஎஸ்பி என்கிற ஒலிச் செயலி வழியாகத்தான் போகும், அது எழாவிட்டால் ஸ்பீக்கரும் சேர்ந்தே போயிடும், அந்த டிஎஸ்பி எழுந்திருக்க சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் வேண்டும், டெபியன் 11இல் அது நான்-ஃப்ரீ (கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்) பகுதியில் கிடப்பதால் தானாக வராது. பேக்கேஜ் எங்கிருந்து எடுக்கணும் என்று சொல்லும் சோர்ஸ் லிஸ்டில் நான்-ஃப்ரீ சேர்த்து, ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு (firmware-sof-signed) பேக்கேஜைப் போட்டு ரீபூட் பண்ணுங்க. 2023இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேரும் வருது, முடிந்தால் அதற்கே மாறிடுங்க.

சித்தூர் அக்கா:
அப்புறமும் ஊமையாக இருந்தால் டெர்மினலில் ஒலி அளவைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சர் (alsamixer) திறந்து, எஃப்6 அமுக்கிச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்க. ஒலி அளவுக் கம்பத்துக்கு அடியில் எம்எம் என்று இருந்தால் மியூட், எம் அமுக்கினால் திறக்கும். அவுட்புட் எச்டிஎம்ஐக்குப் போயிருக்கா என்றும் பாருங்க.

கொழிஞ்சாம்பாறைப் பையன்:
ரீபூட் பண்ணதும் ஸ்பீக்கர், மைக் இரண்டும் வந்துடுச்சு அண்ணா. ஹெட்போன் மட்டும் அக்கா சொன்ன எம்எம்மில் கிடந்தது.