பௌர்ணமி இரவில் கைட் சர்ஃபிங்: பிரப்பன்வலசையில் ஓட்டலாமா?

மதுரைக்காற்று எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மதுரையிலிருந்து வார இறுதிகளில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்து பிரப்பன்வலசை, அரியமான் பக்கம் கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் போவது) ஓட்டுகிறேன். இரண்டு சீசன் ஆகிவிட்டது. காற்றுக்கு எதிராக ஏறி, கிளம்பிய இடத்துக்கே திரும்ப முடிகிறது, தண்ணீரில் விழுந்த கைட்டையும் நானே தூக்கிவிடுவேன். போன மாசியில் ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் மடித்துக்கொண்டிருந்தபோது நிலா எழுந்தது, காற்று அப்போதும் 16 நாட் (மணிக்குச் சுமார் 30 கி.மீ.) இருந்தது, கடல் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டி ஓட்டலாம் என்று இருக்கிறேன். அந்தச் சமயத்தில் தென்காற்று நின்று அடிக்கும், நம் கரையில் அலையும் இருக்காது, அதனால் இரவுக்கு அதுதான் சுலபம் என்று தோன்றுகிறது. என் எடை 68 கிலோ. 12, 9 சதுர மீட்டர் என்று இரண்டு கைட் வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? தலையில் ஒரு டார்ச் கட்டிக்கொண்டால் போதுமா? இரவில் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாடைக்காரி எழுதியது:

ஆனி வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கரையில் ஆனி, ஆடியில் தண்ணீர் ஏன் அலை இல்லாமல் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது, அதனால்தான். பகலில் ஏதாவது உடைந்தால் கரையில் இருப்பவர் பார்த்துப் படகு அனுப்புவார். இரவில் நீங்கள் 200 மீட்டர் தள்ளிப் போனாலே யார் கண்ணுக்கும் தெரிய மாட்டீர்கள், காற்று உங்களைப் பாக் நீரிணையின் நடுவே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். தை, மாசியில் வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது. சின்னச் சின்ன அலை இருக்கும், ஓட்டக் கொஞ்சம் கடினம்தான், ஆனால் லைன் (கைட்டின் கயிறு) அறுந்தாலும் கைட்டில் காற்று இறங்கினாலும் அதே காற்று உங்களைக் கரையில் கொண்டுவந்து விடும். மழை ஓய்ந்து வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இரவில் நான் ஓட்டிய இரண்டு முறையும் தை மாதம்தான்.

நாள் விஷயத்தில் ஒன்று. பௌர்ணமிக்கு முந்தைய நாளைப் பாருங்கள். அன்றைக்குச் சூரியன் மறையும்போதே நிலா ஒரு கை உயரத்துக்கு வந்திருக்கும், நடுவில் இருட்டே கிடையாது. பௌர்ணமிக்கு அடுத்த நாள் என்றால் கிட்டத்தட்ட 50 நிமிடம் தாமதமாக எழும். பாதி நிலாவில் பாதி வெளிச்சம் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், முழு நிலாவில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அப்புறம், நிலா எழுந்தவுடன் இறங்க வேண்டாம். தாழ்வாக இருக்கும்போது தண்ணீரில் ஒரே ஒரு வெளிச்சப் பட்டைதான் தெரியும், அதற்கு இரண்டு பக்கமும் கறுப்பு. எட்டரை, ஒன்பது மணி ஆகட்டும்.

தலை டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓட்டவே கூடாது. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகிறது, வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கரையில் லைன் கட்டும்போது மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் உங்களைப் பார்க்க ஹார்னஸின் (கைட்டோடு நம்மை இணைக்கும் இடுப்புப் பட்டை) முதுகுப் பக்கம் ஒரு விளக்கு, உங்கள் கண்ணில் படாத இடத்தில். தண்ணீர் புகாத டார்ச் ஒன்று அணைத்தபடி பையில் இருக்கட்டும். விசில், லைன் வெட்டும் கத்தி, உறையில் போட்ட போன், மூன்றும் உடம்போடு.

நிலா வெளிச்சத்தில் நிறம் தெரியாது. பாரில் (கைட்டைத் திருப்பக் கையில் பிடிக்கும் கம்பு) இடது கைப் பக்கம் இருக்கும் சிவப்பு வெறும் கறுப்பாகத்தான் தெரியும். விழுந்து எழும்போது பாரைத் தலைகீழாகப் பிடித்துவிட்டால் கைட் எதிர்ப்பக்கம் பாயும். இடது நுனியில் ரப்பர் பட்டையை நான்கு சுற்றுச் சுற்றிவிடுங்கள், கை தடவினாலே தெரிந்துவிடும். பகலில் தண்ணீர் கருத்து வருவதைப் பார்த்து வேகக் காற்று வருகிறது என்று தயாராகிறோம், இரவில் அது கிடையாது, இழுத்த பிறகுதான் தெரியும். அதனால் எப்போதும் நீங்கள் எடுப்பதைவிடக் கொஞ்சம் அடக்கமான கைட். ஆனால் ரொம்பச் சின்னதும் வேண்டாம், காற்று குறைந்தால் திரும்ப முடியாமல் போகும். 16 நாட் நிலையாக இருந்தால் உங்கள் எடைக்கு 12 சரி, 20ஐத் தாண்டினால் 9.

இதெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. முதல் பத்து நிமிடம் கைட் எங்கே என்று தலையைத் தூக்கித் தேடிக்கொண்டே இருந்தேன், பிறகு தேடுவதை விட்டுவிட்டேன். பாரில் வரும் இழுவையை வைத்தே அது எங்கே நிற்கிறது என்று கை சொல்லிவிடுகிறது. பகலில் இரண்டு வருடம் ஓட்டியும் எனக்கு அது பிடிபடவில்லை. மேற்கே போகும்போது நிலா முதுகில், என் நிழல் எனக்கு முன்னால் தண்ணீரில் ஓடியது.

பாம்பன்பிள்ளை எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி, காற்று விஷயத்தில் நூற்றுக்கு நூறு. நான் கைட் ஓட்டுகிறவன் இல்லை, எங்கள் அப்பா வள்ளத்தில் தொழில் பார்க்கிறார், அதனால் வலையைப் பற்றிச் சொல்கிறேன். பௌர்ணமி என்றால் கடலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்து ஒதுங்கிவிடும் என்பதால் சில தொழிலுக்குப் போவது குறையும், அவ்வளவுதான். நண்டு வலையைச் சாயங்காலம் விட்டுவிட்டு விடியற்காலையில்தான் எடுப்பார்கள். கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும், அடையாளத்துக்குக் கொடியும் மிதவையும் மட்டும்தான், விளக்கு இருக்காது. போர்டின் அடியில் இருக்கும் ஃபின் அதில் மாட்டினால் உங்களுக்கும் ஆபத்து, வலைக்காரருக்கும் ஒரு நாள் பாடு போய்விடும். அதனால் அன்றைக்கு மதியமே ஊரில் போய் எந்தப் பக்கம் வலை விடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள் அண்ணா, கண்டிப்பாகச் சொல்வார்கள். கட்டியிருக்கும் வள்ளங்களின் நங்கூரக் கயிறும் இரவில் தெரியாது.

இன்னொன்று, இது எல்லைப் பகுதி. ராத்திரி விளக்கில்லாமல் பெரிதாக ஒன்று கடலில் பறந்தால் யாராவது போன் செய்வார்கள். முன்கூட்டியே கடலோரப் போலீசில் சொல்லி அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் எண் 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. கரையில் நிற்பவரிடம் இரண்டும் இருக்கட்டும். தனுஷ்கோடிப் பக்கம் யோசிக்கவே வேண்டாம், பொழுது சாய்ந்தால் அங்கே ஆட்களை விடுவதில்லை.

கற்பிட்டியான் எழுதியது:

இங்கே இலங்கையில் எங்களுக்குப் பௌர்ணமி என்றால் போயா, நாடு முழுக்க விடுமுறை, ஆகவே இந்த ஆசை எல்லோருக்கும் வரும். நான் கற்பிட்டிக் களப்பில் (கடலோர உப்பங்கழி) ஓடினேன். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) கடலில் இருந்து மணல் திட்டைத் தாண்டி களப்புக்குள் வருவதால் தண்ணீரும் அலையில்லாமல் இருக்கும், தவறினாலும் மறுகரையில் போய் ஒதுங்கலாம். அந்த நம்பிக்கையில்தான் இறங்கினேன்.

கைட்டின் முன் குழாயில் வால்வு ஒன்று லேசாகக் கசிந்திருக்கிறது. பகல் என்றால் முனை தொய்வதைப் பார்த்திருப்பேன். இரவில் அது மடங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. மறுகரை விளக்கு கிட்டத்தான் இருக்கிறது என்று நினைத்து நீந்தினேன், நிலா வெளிச்சத்தில் தூரம் அப்படித்தான் ஏமாற்றும். கரையேற ஒன்றரை மணித்தியாலம் ஆனது. தண்ணீர் சூடாக இருந்தும் குளிர் பிடித்துவிட்டது. கரையில் நின்ற நண்பனுக்கு நான் எந்தப் பக்கம் போனேன் என்றே தெரியவில்லை, அவன் அந்த நேரம் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கஷ்டப்படும். ஆகவே கைட்டைப் பின்னேரமே காற்றடித்து, இரண்டு மணித்தியாலம் அப்படியே போட்டுவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கரையில் நிற்பவரோடு நேரம் பேசி வையுங்கள். நாங்கள் இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கிட்ட வந்து விசில் அடிக்கிறோம். ஒரு முறை வராவிட்டால் உடனே படகு.

மதுரைக்காற்று எழுதியது:

மூவருக்கும் நன்றி. அலை இல்லை என்பதை மட்டும் பார்த்தேன், ஏன் இல்லை என்று யோசிக்கவே இல்லை. ஆனியை விட்டுவிட்டேன், தைப்பூசத்துக்கு முந்தைய நாள். அதற்குள் சூரியன் மறைகிற நேரத்தில் நாலைந்து தடவை ஓட்டி, கைட்டைப் பார்க்காமலே பழகப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: கைட்டை மேலே விடும்போது கட்டைவிரல் காட்டுவது இரவில் தெரியாதே, என்ன செய்தீர்கள்?

வாடைக்காரி எழுதியது:

சிவப்பு விளக்குதான். கைட் பிடித்திருப்பவரை நோக்கி இரண்டு முறை அடித்தால் விடு, ஒரேயடியாக எரிந்துகொண்டே இருந்தால் விடாதே. வாயால் கத்தினால் காற்றில் பாதிதான் கேட்கும், "விடாதே" என்பது "விடு" என்று கேட்டுவிடும். இறக்கும்போதும் அதே ஆள்தான் பிடிக்க வேண்டும், கரையில் இருக்கும் வேறு யாரையும் நம்பாதீர்கள். தைப்பூச வாரம் நான் மண்டபம் ஊரில்தான் இருப்பேன். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், கைட் பிடிக்க வருகிறேன்.