மறுமொழி: வால்வு கிளியரன்ஸுக்குத் தமிழில் ‘விடுவெளி’

நண்பர்களுக்கு வணக்கம். எஞ்சினில் வால்வை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே விட்டு வைக்கும் சிறு வெளிதான் வால்வு கிளியரன்ஸ். அதற்கு நம் அகராதியில் எந்தச் சொல்லை வைப்பது என்று நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகக் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> ‘வால்வுத் தளர்ச்சி’ என்றே வைத்துவிடலாம். கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தலைகீழாகப் புரிகிறது. தளர்ச்சி என்றால் நமக்கு அது ஒரு கோளாறு, இறுக்கிச் சரிசெய்ய வேண்டிய ஒன்று. கையேட்டில் அப்படி எழுதி வைத்தால் புதிதாக வேலை கற்கும் பையன் ஸ்பேனரை எடுத்து இறுக்கத்தான் பார்ப்பான், இந்த இடத்தில் இறுக்கினால் வால்வே போய்விடும். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஒவ்வொரு வால்வுக்கும் 0.10 மில்லிமீட்டர் விட்டு வைக்க வேண்டும், உள்ளிழுக்கும் வால்வுக்கும் புகை வால்வுக்கும் அதே அளவுதான். சூடேறினால் வால்வின் தண்டு நீளும். நீள இடமில்லை என்றால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. புகை வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் இறக்குகிறது, அது நடக்காமல் போனால் விளிம்பு கருகி, அந்தச் சிலிண்டரின் அழுத்தமும் போய்விடும். இருக்கை தேயத் தேய வால்வு உள்வாங்கி இந்த வெளி தானாகவே குறையும் என்பதால், டக்டக் என்று அடிக்கும் வால்வைவிடச் சத்தமே இல்லாத வால்வுக்குத்தான் பழைய மெக்கானிக்குகள் பயப்படுவார்கள். அதிகமாக விட்டாலும் நல்லதில்லைதான், வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், தட்டித் தட்டித் தேயும். ஆனாலும் எரிந்துபோகாது. ஆகவே குறை என்ற சாயல் உள்ள எந்தச் சொல்லும் இதற்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

> ‘இடைவெளி’ போதுமே, ஸ்பார்க் பிளக்குக்கும் அதைத்தானே சொல்கிறோம்?

அதனால்தான் போதாது என்கிறேன். பிளக்கில் இருக்கும் இடைவெளியில்தான் பொறி பாய வேண்டும், அதற்கு வேலையே அந்த இடத்தில்தான். வால்வில் இருப்பது அப்படியல்ல, உலோகம் விரிவதற்கென்று நாம் ஒதுக்கித் தரும் இடம். ஒரே சர்வீஸில் இரண்டையும் அளக்கிறோம், ஒரே சொல் இருந்தால் எண்கள் மாறிப்போகும். போதாக்குறைக்கு ‘வால்வு இடைவெளி’ என்பதை இரண்டு வால்வுகளுக்கு நடுவில் உள்ள தூரம் என்றும் படிக்கலாம்.

> பட்டறையில் எல்லாரும் ‘டேப்பட் செட்டிங்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆமாம், அதை அகராதியில் வழக்குச்சொல்லாகக் கட்டாயம் போட வேண்டும், தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள். ஆனால் தலைச்சொல்லாக வைக்க முடியாது. டேப்பட் என்பது கேமின் (சுழலும் தண்டில் உள்ள புடைப்பு) தள்ளலை வாங்கி வால்வுப் பக்கம் கடத்தும் பாகம். இந்த 911 எஞ்சினில் அந்தப் பாகமே கிடையாது, கேம் நேராக ராக்கரை (ஒரு சிறு நெம்புகோல்) அழுத்துகிறது, ராக்கர் வால்வை அழுத்துகிறது.

சரி, என் பரிந்துரை ‘விடுவெளி’. வினைத்தொகை. விட்ட வெளி, விடுகிற வெளி, விடும் வெளி என மூன்று காலத்துக்கும் பொருந்தும், யாரோ தெரிந்தே விட்டது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சொல் நிற்குமா என்று பார்க்க, வேலை செய்யும் முறையையே அதில் எழுதிப் பார்த்தேன்:

‘முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் விடுவெளியைப் பார்க்கவும். ராக்கர் திருகின் அடியில் உள்ள சுழல்பாதத்துக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே 0.10 மில்லிமீட்டர் தகட்டை நுழைக்கவும். தகடு லேசான பிடிப்போடு நகர வேண்டும். திருகைத் திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கவும். இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பி விடுவெளி மாறிவிடும் என்பதால் மறுபடி அளக்கவும். அப்புறம் கிராங்கை 120 டிகிரி சுற்றி ஆறாவது சிலிண்டருக்குப் போகவும். வரிசை 1-6-2-4-3-5.’

எனக்கு எங்கேயும் இடறவில்லை. (சுழல்பாதத்துக்கு ஆங்கிலத்தில் யானையின் பாதம் என்று பெயர். அதை அப்படியே கொண்டுவந்து ‘யானைக்கால்’ என்றால் நம்மூரில் அது நோயின் பெயர், வேண்டாம்.)

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இதே 911-இல் ராக்கரின் மறுமுனையில், அதாவது கேம் பக்கமாகத் தகட்டை விட்டு அளக்கும் முறையும் உண்டு, கை நுழையாத கீழ்ப்பக்கத்துப் புகை வால்வுகளுக்குப் பலருக்கும் அதுதான் வசதி. அங்கே 0.0025 அங்குலத் தகடு நுழைய வேண்டும், 0.003 நுழையக் கூடாது. ராக்கர் என்ற நெம்புகோலின் இரண்டு கைகளும் ஒரே நீளமில்லை, அதனால் எண் குறைகிறது. கேம் பக்கத்து எண்ணைத் தண்டு முனைக்கு எடுத்துப் போட்டுவிட்டால் வால்வு இறுகிவிடும். ஆகவே தண்டுமுனை விடுவெளி, கேம்பக்க விடுவெளி என்று அடைமொழியோடு எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். வெறும் ‘வால்வு விடுவெளி’ என்றால் தண்டுமுனையைத்தான் குறிக்கும்.

பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் இந்தச் சொல்லே ஒத்துவரும். தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் உள்ளதற்கு இது வேண்டாம், ‘தரை உயரம்’ நன்றாகவே இருக்கிறது. பின்னால் வந்த 993 என்ற 911 தலைமுறையில் ஹைட்ராலிக் லிஃப்டர் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்வதால் அங்கே நாம் விடுவது எதுவும் இல்லை, அதைத் ‘தன்சீர் வால்வமைப்பு’ எனலாமா? அளக்கும் தகட்டுக்கு ‘நுழைதகடு’ எனக்குப் பிடித்திருக்கிறது, ‘தடிமன் தகடு’ என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பதிவுக்கு என் வரைவு:

விடுவெளி (பெயர்ச்சொல்): எந்திர உறுப்புகள் சூடேறி விரிவதற்கோ எண்ணெய்ப் படலம் நிற்பதற்கோ இரு பாகங்களுக்கு நடுவே வேண்டுமென்றே விடப்படும், அளவு குறிக்கப்பட்ட வெளி. வழக்கு: டேப்பட் கேப், டேப்பட் செட்டிங். குறிப்பு: எஞ்சின் ஆறிய நிலையில் எடுத்த அளவா, சூட்டில் எடுத்ததா என்பதைச் சேர்த்தே எழுதுக.