மின்தடைக் காலச் சமையலுக்கு இரு சொற்கள்: கைகாவல் அடுப்பு, சூடாறாப் பெட்டி

குழுமத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்சாரம் நின்றுபோன வீட்டில் சமைப்பதற்கென்று வைத்திருக்கும் இரண்டாவது ஏற்பாட்டைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்று நம் சொல்லாக்க மடற்குழுமத்தில் எழுந்த வினாவுக்கு இவ்விழையில் இதுவரை ‘மாற்று அடுப்பு’, ‘அவசர அடுப்பு’, ‘காப்பு அடுப்பு’ ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. ஒரு கொதி வந்த பாத்திரத்தை இறுக மூடிப் பொதிந்து வைத்து, அதன்பின் எரிபொருள் எதுவும் செலவழியாமல் உணவை வேகவைக்கும் பெட்டிக்கு ‘வெப்பத்தேக்கச் சமைகலன்’ என்னும் சொல்லை மதுரைப் பேராசிரியர் ஐயா முன்வைத்தார்கள். இவ்விரு தேடல்களையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே நல்லது என்று கருதுகிறேன். மின்தடை நீளும்போது முதலில் தேவைப்படுவது தீ; அடுத்த நாளே தேவைப்படுவது இருக்கும் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் வழி. ஒன்றுக்குச் சூட்டும் பெயர் மற்றொன்றோடு குழம்பக்கூடாது.

முதலில் ‘மாற்று’ என்பதை எடுத்துக்கொள்வோம். மாற்று எரிசக்தி என்ற தொடர் நன்றாக வேரூன்றிவிட்டதால், மாற்று அடுப்பு என்று எழுதினால் படிப்பவர் சூரிய அடுப்பையோ சாண எரிவாயு அடுப்பையோ நினைப்பார். பழைய அடுப்பை அகற்றிவிட்டு அந்த இடத்தில் நிலையாக வைக்கும் ஒன்று என்ற பொருளும் வரும். ‘அவசர அடுப்பு’ என்பதில் வேறொரு குறை இருக்கிறது. அவசரம் வந்த பிறகு தேடிப் போகும் பொருளைத்தான் அச்சொல் சுட்டுகிறது. புயல் எச்சரிக்கை வந்த மாலையில் கடை கடையாகச் சிறு எரிவாயு உருளைக்கு அலைவதும் அவசரம்தான். நாம் பெயர் தேடுவதோ அந்த அலைச்சலே நேராமல் முன்கூட்டி வீட்டில் இருக்கவேண்டிய பொருளுக்கு. ‘காப்பு’ கணினித் துறையில் காப்புநகல் என்ற அளவில் பொருந்தியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொதிவையும் மின்கம்பியின் மேலுறையையும் நாம் ஏற்கெனவே காப்பு என்றே சொல்லி வருகிறோம். எனவே ‘காப்பு அடுப்பு’ என்ற சொல், வெப்பம் வெளியேறாதபடி பொதியப்பட்ட அடுப்பு என்றே பொறியியல் படித்தவருக்குப் படும்.

நான் முன்மொழிவது ‘கைகாவல் அடுப்பு’. வெளியூர் புறப்படும் பிள்ளையின் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து “கைகாவலா இருக்கட்டும்” என்று சொல்லும் வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. தேவைப்படாமலே போகலாம், தேவைப்பட்டால் கைக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்ற இரண்டு கருத்துகளையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. இதைவிட முக்கியமானது, அது ஒரு கருவியைக் குறிக்காமல் கருவி வகிக்கும் பொறுப்பைக் குறிக்கிறது என்பது. மின்சாரத்தில் இயங்கும் தூண்டல் அடுப்பில் (இண்டக்‌ஷன்) அன்றாடம் சமைக்கும் வீட்டில் மூலையில் இருக்கும் எரிவாயு அடுப்பு கைகாவல். 14.2 கிலோ உருளையை நம்பிச் சமைக்கும் வீட்டில், உருளை வரத் தாமதமாகும் நாள்களுக்குத் தூண்டல் அடுப்பு கைகாவல். இரண்டும் ஒருசேர நின்றுபோனால் விறகடுப்பு கைகாவல்.

இரண்டும் ஒருசேர நின்றுபோகுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மட்டக்களப்பிலிருந்து எழுதும் அம்மையார் அதற்கு 2022-ஆம் ஆண்டைச் சுட்டிக்காட்டினார்கள். அவ்வாண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. அதே வாரங்களில் சமையல் எரிவாயு கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். முற்றமும் தென்னையும் உள்ள வீடுகள் மட்டையையும் சிரட்டையையும் எரித்துச் சமாளித்தன. கொழும்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விறகு வைக்கவே இடமில்லை. ஆகவே கைகாவல் என்பது ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாறும் என்பதைச் சொல்லின் விளக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கும்போது வேறு கைகாவல் எதற்கு என்ற கேள்விக்கும் விளக்கம் தேவை. தூண்டல் அடுப்பு 1200 முதல் 2000 வாட் வரை இழுக்கும். விளக்கு, மின்விசிறிகளுக்கென வீடுகளில் பொருத்தும் இன்வெர்ட்டர் பெரும்பாலும் 1000 வோல்ட்-ஆம்பியரை ஒட்டியே இருக்கும். அந்தச் சுமையைக் கண்டதும் அது நின்றுவிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் கணக்கின்படி 1.8 அலகு (யூனிட்) மின்சாரத்தையே தேக்குகிறது. ஒரு வேளைச் சமையலுக்கு அதைக் கரைத்துவிட்டு இரவை இருளில் கழிப்பது அறிவுடைமை ஆகாது.

தமிழ்நாட்டில் இந்தத் தேவையை வெளிச்சமிட்டுக் காட்டியது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அப்புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. உள்ளடங்கிய ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் பிடித்தன. இவ்வளவு நீண்ட தடையில் தீயைவிட நீரே முதலில் முட்டுப்பாடாகிறது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. மிக்சியும் கிரைண்டரும் ஓடாததால் மாவும் இல்லை, சட்னியும் இல்லை. அம்மி இருக்கும் வீடு பிழைத்தது. மற்ற வீடுகள் கஞ்சி, பொங்கல், உப்புமா என்று ஒரே பாத்திரத்தில் முடியும் உணவுகளுக்கு இறங்கவேண்டும். கழுவும் நீரும் அதனால் மிச்சமாகும். தென்னை சாய்ந்து கிடந்தும் பச்சை மட்டை எரியாது என்பதைத் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழைக்கு முன்பே உலர்ந்த சுள்ளியையும் கொட்டாங்குச்சியையும் பரணில் ஏற்றி வைப்பதும் கைகாவலின் பாற்பட்டதே.

இனி, நான் பெரிதும் அக்கறை கொள்ளும் இரண்டாம் சொல்லுக்கு வருகிறேன்.

வெப்பத்தேக்கச் சமைகலன் என்பது இலக்கணப் பிழையற்ற ஆக்கம்தான். ஆனால் அது வேறொரு கருவிக்கு உரிய பெயர். வெப்பத்தேக்கம் என்பது உருகிய உப்பு, கல், எண்ணெய் போன்ற ஒரு பொருளில் வெப்பத்தைச் சேமித்துப் பின்னர் எடுத்துப் பயன்படுத்துவது. பகலில் சேர்த்த வெயிலின் வெப்பத்தில் இரவில் சமைக்கும் சூரிய அடுப்புகளுக்கு அச்சொல் தேவைப்படும். அதற்காக அதனை விட்டுவைக்க வேண்டும். நாம் பேசும் பெட்டியோ தனியாக எதையும் தேக்குவதில்லை. கொதிக்கும் உணவே வெப்பத்தைக் கொண்டிருக்கிறது; பெட்டி அதனை வெளியேறவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. அரிசியின் மாவுச்சத்து குழைவதற்கு நூறு பாகை செல்சியசு வேண்டியதில்லை. எண்பது பாகையை ஒட்டிய சூடு நீண்டு நின்றால் போதும். வழக்கமான சமையலில் கொதி வந்த பின்பும் நாம் எரிக்கும் எரிபொருளில் பெரும்பகுதி, பாத்திரத்திலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தை ஈடுசெய்வதற்கே செலவாகிறது.

இக்கருவி பல நாடுகளில் பல முறை பிறந்திருக்கிறது. 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வே நாட்டு யோகான் சோரன்சன் இத்தகைய ஒரு பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் பங்கீடு இருந்த பிரித்தானியாவில் வைக்கோல் அடைத்த பெட்டிகள் வீடுகளில் புழங்கின. 2008-இல் மின்வெட்டு கடுமையாக இருந்த தென்னாப்பிரிக்காவில் சேரா காலின்ஸ் தொடங்கிய ‘வொண்டர்பேக்’ என்னும் பொதியுறையும் இவ்வகையே. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் பரப்பும் அமைப்பு எரிபொருள் சிக்கனத்துக்காக இதை வீடு வீடாகக் கொண்டு சென்றது. மலையாளிகள் இதற்கு வைத்த பெயர் ‘சூடாறாப்பெட்டி’.

பாலக்காட்டு நண்பர் இப்பெயரை எழுதியபோது, இதைக் கடன்சொல்லாகக் கருதலாமா என்று ஐயத்தோடு கேட்டிருந்தார். ஐயமே வேண்டாம். சூடு, ஆறா, பெட்டி ஆகிய மூன்றும் தமிழ்ச் சொற்கள். ஆறா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சோறு ஆறிவிட்டது என்று சொல்லாத வீடு தமிழகத்தில் இல்லை. இதே அமைப்பில், இதே அடுக்களைத் துறையில் நமக்கு ஒரு பெரும் முன்னோடியும் உண்டு: வடலூர்ச் சத்திய தருமச்சாலையில் வள்ளலார் ஏற்றிவைத்த அணையா அடுப்பு. அதுவும் 1867-ஆம் ஆண்டிலேயே மூட்டப்பட்டது என்பது எண்ணிப் பார்க்க மகிழ்ச்சி தரும் ஒற்றுமை. அணையா அடுப்பு என்ற பெயரைக் கேட்ட குழந்தைக்கும் பொருள் விளங்கும். சூடாறாப் பெட்டியும் அவ்வாறே விளங்கும்.

இச்சொல்லுக்கு எதிராக எழுந்த ஒரே வலுவான தடை, உணவைச் சூடாக வைத்திருக்கும் ‘ஹாட்பேக்’ கலத்தோடு இது குழம்பும் என்பதுதான். அதற்கு ஒரு தீர்வு சொல்கிறேன். கருவிக்குச் சூடாறாப் பெட்டி என்றும், முறைக்குத் ‘தன்சூட்டுச் சமையல்’ என்றும் இரண்டு சொற்களை வைத்துக்கொள்வோம். “அடுப்பை அணைச்சிட்டு மூடி வை, அந்தச் சூட்டிலேயே வெந்துடும்” என்று நம் வீடுகளில் சொல்வதைத்தான் இரண்டாவது சொல் சுருக்கிச் சொல்கிறது. ஹாட்பேக்கில் நடப்பது வெந்த உணவின் சூட்டைக் காப்பது. அங்கே தன்சூட்டுச் சமையல் நடப்பதில்லை. ‘தம்’ என்ற சொல்லைப் பரிந்துரைத்தவருக்கும் இதுவே மறுமொழி: பிரியாணித் தம்மில் மேலும் கீழும் தணல் இருக்கிறது, இங்கே தணலே இல்லை. ‘வைக்கோற்பெட்டி’ என்பதையும் ஏற்க இயலவில்லை. இன்று பெட்டிக்குள் இருப்பது பழந்துணியாகவோ இலவம்பஞ்சாகவோ தெர்மாகோலாகவோ இருக்கலாம். தெர்மாகோல் என்றால் பாத்திரத்தைத் தடித்த துணியில் சுற்றியே உள்ளே இறக்கவேண்டும். கொதிக்கும் பாத்திரம் நேரடியாகப் பட்டால் அது இளகிக் குழிந்துவிடும்.

அகராதிப் பதிவில் செய்முறையும் ஓரளவு இடம்பெற வேண்டும் என வேண்டுகிறேன். பொருள் தெரிந்து செயல் தெரியாத சொல் இருட்டில் உதவாது. பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். சிறிதளவு உணவு விரைவில் ஆறிவிடும். பச்சரிசி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதித்தபின் பெட்டிக்குள் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சோறாகும். புழுங்கலரிசிக்குக் கூடுதல் நேரம் விடவேண்டும். நீர் ஆவியாகி வீணாவதில்லை ஆதலால், வழக்கத்தைவிடக் குறைவாகவே தண்ணீர் வைக்கவேண்டும். பருப்பும் பயறும் ஊறியிருக்க வேண்டும். ராஜ்மாவில் இயற்கையாகவே நச்சுப்புரதம் இருப்பதால், ஊறவைத்து, பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே பெட்டிக்குள் வைக்கலாம். இடையில் திறந்து பார்க்கக்கூடாது. எடுக்கும்போது உணவு 60 பாகைக்குக் கீழே ஆறியிருந்தால் மறுபடி கொதிக்கவைத்தே உண்ணவேண்டும். வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும்.

கைகாவல் அடுப்பின் விளக்கத்தில் விட்டுவிடக்கூடாத எச்சரிக்கை ஒன்று உண்டு. கரியடுப்பை அறைக்குள் வைத்து இறந்தவர்களைப் பற்றி நாளிதழ்கள் பெரும்பாலும் ‘புகையில் மூச்சுத்திணறி’ என்று எழுதுகின்றன. கரியடுப்பில் கொல்வது புகை அன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கார்பன் மோனாக்சைடு என்றும் இலங்கைப் பாடநூல்கள் காபனோரொட்சைட்டு என்றும் சொல்லும் வளி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிச் செந்தணலாக இருக்கும் கரியைத்தான் மக்கள் தீங்கற்றது என்று எண்ணி அறைக்குள் கொண்டு செல்கிறார்கள். மலையூர்களில் குளிருக்காக அவ்வாறு செய்து, உறக்கத்திலேயே இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. புயல்மழையில் கதவு சன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு கும்முட்டி அடுப்பை உள்ளே மூட்டுவதும் அதே கேட்டைத் தரும். கரியடுப்பும் விறகடுப்பும் திறந்த வெளியிலோ காற்றோடும் தாழ்வாரத்திலோ மட்டுமே எரியவேண்டும். எரிவாயு அடுப்பானாலும் சன்னல் திறந்திருக்க வேண்டும். சிறு பியூட்டேன் குப்பி பொருத்திய அடுப்பில், குப்பியின் மேல் கவியும் அளவுக்கு அகன்ற பாத்திரத்தை வைத்தால் குப்பி சூடேறி வெடிக்க நேரும்.

பதிவுக்கான என் வரைவு இது: ‘கைகாவல் அடுப்பு: வழக்கமாகச் சமைக்கும் மின்சாரமோ எரிபொருளோ கிடைக்காத வேளையில் பயன்படுத்துவதற்கென முன்கூட்டியே, எரிபொருள் வேண்டுவதாயின் அந்த எரிபொருளோடு, வீட்டில் வைத்திருக்கும் அடுப்பு.’ ‘எரிபொருளோடு’ என்ற சொல்லை நீக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உருளை இல்லாத எரிவாயு அடுப்பு கைகாவல் ஆகாது. ‘சூடாறாப் பெட்டி: கொதி வந்த உணவு தன் சூட்டிலேயே வெந்து முடியும்படி வெப்பம் வெளியேறாமல் பொதிந்து வைக்கும் பெட்டி அல்லது உறை.’

குறைந்த விறகில் எரியும் ராக்கெட் அடுப்புக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. முழங்கைபோல் வளைந்த அதன் எரிகுழாயைக் கருதி ‘முழங்கை அடுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடியடுப்பில் முதன்மை அடுப்பின் அனல் பக்கத் துளைக்கு ஓடுவதுபோல இதிலும் அனல் ஒரு வழியாகச் செலுத்தப்படுகிறது என்பதால் அந்தப் பழஞ்சொல்லை நீட்டிக்கலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கொடியடுப்பு இன்றும் மண்ணடுப்பில் ஒரு பகுதியின் பெயராகப் புழங்கும் ஊர்கள் இருப்பின் அதைத் தொடக்கூடாது. மட்டக்களப்பு அம்மையாரும் நாஞ்சில்நாட்டு நண்பர்களும் தத்தம் பகுதி வழக்கை எழுதினால், அதைப் பார்த்துவிட்டு அடுத்த மடலில் தொடர்கிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்