ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரில் பெரிய பிரேக் போட்டேன், பெடல் கீழே போகிறது. அவசரம்

சாட்ஸ்வொர்த்_சிட்டி:
எல்லோருக்கும் வணக்கம். முன் பிரேக்கைப் பெரிதாக மாற்றியிருக்கிறேன். பழையதில் டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் மலைச்சாலையில் இறங்கினால் பாதியிலேயே பிரேக் பேட் கருகும் நாற்றம் வரும். இப்போது டிஸ்க், பேட் எல்லாம் புதுசு. ஆனால் பெடல் பாதிக்கு மேல் கீழே போய்த்தான் பிடிக்கிறது. இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறது, கொஞ்சம் விட்டால் பழைய கதைதான். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விட்டு ஏர் எடுத்தாச்சு. லீக் எங்கேயும் இல்லை. பெரிய வெள்ளிக்குக் குடும்பத்தோடு மாரிட்ஸ்பர்க் தீமிதிக்குப் போகணும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

பீனிக்ஸ்_பையன்:
அண்ணா, சிட்டி என்றால் எந்த சிட்டி? 1984-லிருந்து 2009 வரை தென்னாப்பிரிக்காவில் யூட்டன்ஹேக் ஆலையில் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். வருஷம், இன்ஜின், பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற காலிப்பர் எதிலிருந்து எடுத்தது, டிஸ்க் என்ன சைஸ், பின்னால் டிரம்மா டிஸ்கா, எல்லாம் சொன்னால்தானே ஏதாவது சொல்ல முடியும்?

ஜோபர்க்_ஜி.டி.ஐ.:
மிதிக்கிற விசையைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர்தான். பழைய வண்டியில் பூஸ்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் வாக்குவம் பைப்பில் இருக்கும் ஒருவழி வால்வு போயிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

டோங்காட்_டர்போ:
பின் டிரம்முக்குள் இருக்கிற பிரேக் ஷூவை டைட் வைத்தீர்களா? பாதிப் பேர் முன்னால் மட்டும் காசைக் கொட்டிவிட்டுப் பின் டிரம்மைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதில் தானாக டைட் ஆகிற ஆப்பு ஒன்று உண்டு. துருப்பிடித்தால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்புறம் ஷூ டிரம்மைத் தொடவே பாதிப் பெடல் போய்விடும்.

பிரேக்_வாத்தியார்:
இதே கேள்வி மாதாமாதம் வருகிறது. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. தம்பி, காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பழைய சைஸிலேயே இருந்தால் அதிக ஆயில் எங்கிருந்து வரும்? பெடல் நீளமாகத்தான் போகும். மாஸ்டரை மாற்றுங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
காலிப்பரில் ஏர் எடுக்கிற நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா, கீழ்ப் பக்கம் இருக்கிறதா? ஒரு படம் போடுங்கள் தம்பி.

சாட்ஸ்வொர்த்_சிட்டி:
மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். 1992 சிட்டி, 1.8 இன்ஜெக்ஷன். ஸ்கிராப் யார்டில் கோல்ஃப் 2 ஜி.டி.ஐ. ஒன்றிலிருந்து எடுத்த காலிப்பர். டிஸ்க் 256 மி.மீ., உள்ளே காற்று போகிற வகை. முன்பு 239 இருந்தது. ரிம் 15 அங்குலம். பின்னால் டிரம், அதைத் தொடவில்லை. மாஸ்டரும் பழையதுதான், மேலே 20.64 என்று அச்சடித்திருக்கிறது. பிஸ்டனை வெர்னியரில் அளந்தேன், பழையது 48, புதுசு 54.

பீனிக்ஸ்_பையன்:
15 அங்குலம் என்பதால் தப்பித்தீர்கள். 256 போட்டால் 13 அங்குல ரிம் மாட்டவே மாட்டாது. என் சொந்தக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டி முடித்த பிறகுதான் ரிம்மை வைத்துப் பார்த்தார்.

பிரேக்_வாத்தியார்:
பார்த்தீர்களா. 48-லிருந்து 54 என்றால் பிஸ்டன் பரப்பு கிட்டத்தட்ட 27 சதவீதம் கூடுகிறது. மாஸ்டர் 20.64, அதாவது 13/16 அங்குலம். 22.2 போட்டால் பரப்பு 16 சதவீதம் கூடும், பெடல் நீளம் குறையும். பள்ளிக்கூடக் கணக்குதான் இது.

டோங்காட்_டர்போ:
வாத்தியாரே, கணக்கில் தப்பில்லை. ஆனால் மாஸ்டர் சின்னதாக இருந்தால் பெடல் நீளமாகப் போகும், போன இடத்தில் கெட்டியாக நிற்கும். பம்ப் செய்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். இவருக்கு பம்ப் செய்ததும் மேலே வருகிறதே? அப்படி என்றால் ஒன்று உள்ளே காற்று, இல்லையென்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி. மிதித்தபடியே வைத்திருக்கும்போது பெடல் மெதுவாக இறங்கினால்தான் மாஸ்டரின் உள் சீல் மேல் சந்தேகம் வரும்.

பிரேக்_வாத்தியார்:
நீங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்து கோல்ஃப் 1 கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

டோங்காட்_டர்போ:
சந்தோஷம். ஆனாலும் பம்ப் செய்தால் ஏன் மேலே வருகிறது என்று சொல்லவில்லையே.

ஜோபர்க்_ஜி.டி.ஐ.:
நான் இன்னும் பூஸ்டர் என்றுதான் நினைக்கிறேன். என் வண்டியும் டர்பனில் வாங்கியதுதான். இங்கே கொண்டுவந்ததும் பெடல் மாறிப்போனது.

பீனிக்ஸ்_பையன்:
பூஸ்டர் போனால் பெடல் கல்லாகிவிடும் அண்ணா, இறங்காது. இவருக்கு நேர் எதிர். ஊர் மாறினால் பெடல் மாறுமா? அங்கே தண்ணீர்தான் மாறும்.

ஜோபர்க்_ஜி.டி.ஐ.:
சிரிக்காதீர்கள். ஜோபர்க், அதாவது ஜோஹன்னஸ்பர்க், 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், இங்கே ஏறக்குறைய 83. பூஸ்டர் வேலை செய்வதே ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் இன்ஜின் இழுக்கிற வாக்குவம் என்ற வித்தியாசத்தில்தான். வெளிக்காற்று குறைந்தால் உதவியும் குறையும். டர்போ இல்லாத இன்ஜினும் இங்கே சோர்ந்துதான் ஓடும்.

பிரேக்_வாத்தியார்:
அதெல்லாம் சரி. சாட்ஸ்வொர்த்தில் நிற்கிற வண்டிக்கு ஜோபர்க் காற்றழுத்தம் எதற்கு?

ஜோபர்க்_ஜி.டி.ஐ.:
பொது அறிவுக்கு.

டோங்காட்_டர்போ:
டர்பன்காரனுக்கு உயரம் கவலை இல்லை, ஈரம்தான் கவலை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அதுவே 155. ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். எங்கள் வீட்டுப் பழைய வண்டியில் ஆயிலைத் திறந்தால் ரூய்போஸ் தேநீர் மாதிரி செம்பழுப்பு நிறத்தில் இருக்கும், அதையும் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

பீனிக்ஸ்_பையன்:
அப்படியானால் டாட் 5 ஊற்றிவிடலாமா? அது ஈரம் உறிஞ்சாது என்கிறார்களே.

பிரேக்_வாத்தியார்:
ஊற்றாதீர்கள்! டாட் 5 சிலிகான். மற்றதோடு சேராது. உங்களுக்கு வேண்டியது டாட் 5.1. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் சரக்கு வேறு. 5.1 என்றால் புதிதில் 260, ஈரம் ஏறினால் 180, டாட் 4-ஓடும் சேரும். இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவைதான் எழுதுவது.

ஜோபர்க்_ஜி.டி.ஐ.:
இறக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டால் பிரேக்கே அவ்வளவு வேண்டாமே. 2013-ல் அந்த மலையடியில் லாரி டாக்ஸிகள் மேல் ஏறி 24 பேர் இறந்துபோனார்கள். அதற்கு அப்புறம்தான் கனரக லாரிகளை அந்த வழியில் விடுவதில்லை. கார்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் புத்தி வரவில்லை.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
வாக்குவாதம் முடிந்ததா? நான் ஒன்று கேட்டிருந்தேன். காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருந்தால்தான் அது வெளியே வரும். இந்த வகைக் காலிப்பர் இடது வலது மாறிப் போட்டாலும் அழகாக உட்கார்ந்துவிடும், போல்ட் எல்லாம் சரியாக ஏறும், பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நிப்பிள் மட்டும் கீழே வந்துவிடும். அப்புறம் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் கீழே தெளிவான ஆயில்தான் வரும், காற்று மேலே அப்படியே குந்தியிருக்கும். எங்கள் கடை கவுண்டரில் மாஸ்டர் சிலிண்டர் வாங்கிப் போனவர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவருவதில் பாதி இந்தக் கதைதான்.

தம்பி, அதைப் பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள். அது சரியாக இருந்தால் அடுத்தது டோங்காட் தம்பி சொன்ன பின் ஷூ. சந்தேகமாக இருந்தால் பின் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ் இரண்டையும் ஹோஸ் கிளாம்ப் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிளையரைப் போடாதீர்கள், ரப்பர் உள்ளுக்குள் வெட்டுப்படும். பின் ஹோஸை அடைத்ததும் பெடல் மேலே வந்தால் கோளாறு பின்னால், வராவிட்டால் முன்னால்.

பீனிக்ஸ்_பையன்:
அக்கா, சில வண்டியில் பின் அச்சில் ஒரு ப்ரெஷர் வால்வு இருக்குமே? ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்கி அது பின்னால் போகிற ஆயிலைக் குறைத்துவிடும் என்று கேள்விப்பட்டேன்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
இருக்கிற வண்டியில் அப்படித்தான். பின் சக்கரத்தில் ஏர் எடுக்கும்போது அந்த லீவரைக் கையால் தள்ளிப் பிடிக்கணும், அல்லது வண்டியைச் சக்கரத்தின் மேலேயே நிறுத்தி எடுக்கணும். ஆனால் இவர் பின்னால் பைப் எதையும் கழற்றவில்லையே.

டோங்காட்_டர்போ:
இதோடு இன்னொன்று. பின் டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு கோல்ஃப் 2-வின் 226 மி.மீ. டிஸ்க் போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பிரேக்_வாத்தியார்:
பார்ப்பதற்கா பிரேக் போடுகிறோம்? இவ்வளவு லேசான வண்டியில் பின்னால் பாரமே கிடையாது. பின்பக்கம் பிரேக் அதிகமானால் மழையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி முன்னும் பின்னும் மாறி நிற்கும். அந்தப் பழைய பின் காலிப்பரில் ஹேண்ட்பிரேக் லீவர் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் ஊரறிந்த விஷயம். நல்ல நிலையில் இருக்கிற டிரம் போதும்.

டோங்காட்_டர்போ:
டிரம் வைத்திருக்கிறவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள்.

பீனிக்ஸ்_பையன்:
காப்பீட்டுக்காரர்களிடம் பிரேக் மாற்றியதைச் சொல்லிவிட்டீர்களா அண்ணா? சொல்லாமல் விட்டால் விபத்து என்று வரும்போது அதையே காரணமாகச் சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள். அப்புறம் வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்றினால், ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற ரோட்வொர்தி சோதனை. அங்கே ரோலரில் ஏற்றி இடது வலது பிரேக்கைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

ஜோபர்க்_ஜி.டி.ஐ.:
கேட்டவர் எங்கே? ஆளையே காணோம்.

பீனிக்ஸ்_பையன்:
அந்தப் பெடலோடு எங்கேயும் ஓட்டிப் போயிருக்க மாட்டார் என்று நம்புவோம்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
பெரிய வெள்ளியன்று என்3 நெடுஞ்சாலையில் ஊரே வரிசையாக நிற்கும். வருகிற வழி ஏற்றம்தான், திரும்பிப் போகும்போதுதான் முழுக்க இறக்கம். பிரேக் சரியாகவில்லை என்றால் யார் வண்டியிலாவது ஏறி வாருங்கள் தம்பி. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சாட்ஸ்வொர்த்_சிட்டி:
நிப்பிள் இரண்டும் கீழேதான் இருந்தது அக்கா. இடது வலது மாற்றி மாட்டி ஏர் எடுத்தேன், மேலேயிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. பின் ஷூவும் டைட் வைத்தேன். பெடல் இப்போது மேலேயே பிடிக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கெட்டி. மாஸ்டர் வாங்கவில்லை. நன்றி.

பிரேக்_வாத்தியார்:
கொஞ்சம் நீளம் என்கிறார், கவனித்தீர்களா. அந்தக் கொஞ்சம்தான் 20.64.

டோங்காட்_டர்போ:
விடமாட்டீர்களே வாத்தியாரே!

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
புது பேடும் புது டிஸ்கும் ஒன்றோடொன்று பழகணும் தம்பி. ஆள் இல்லாத ரோட்டில் 80-லிருந்து 20 வரை நிதானமாக மிதித்து வேகம் குறையுங்கள், கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்பவும். முழுதாக நிறுத்தி, சூட்டோடு காலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். அப்புறம் ஹோஸ் போல்டில் இருக்கிற செப்பு வாஷர் புதுசு போட்டீர்களா?

பீனிக்ஸ்_பையன்:
அண்ணா, அந்தப் பழைய 239 காலிப்பரை விற்கிறீர்களா? என் வண்டி இன்னும் 13 அங்குலத்தில்தான் ஓடுகிறது.